அரைப்பேர்

தமிழ் ராப் பாட்டுகளைப் பற்றி வருகிற அபிப்ராயங்களைச் சில வருஷங்களாகக் கவனித்துவருகிறேன். பாட்டுகளைவிட அபிப்ராயங்கள் பெருத்துவிட்டன. அதில் குற்றமில்லை. ஒரு கலையைச் சுற்றி இரைச்சல் இருப்பது அது உயிரோடிருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம்தான். என் புகார் வேறு. இந்த அபிப்ராயங்களில் காது வழியாக வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை எல்லாம் ஏற்கெனவே மனசில் தயாராக உட்கார்ந்திருந்தவை. பாட்டு ஒலிக்க ஆரம்பித்ததும் எழுந்து நின்றவை.

உதாரணத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' என்ற தொகுப்பு. சினிமாவின் தயவில்லாமல் வந்தது. குறைந்த பேர் கேட்டு, பிறகு ராப் எழுத வந்த பையன்கள் பலர் அதைத் தங்கள் அரிச்சுவடியாக எடுத்துக்கொண்டார்கள். மற்றது, 2021 மார்ச்சில் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூவரும் சேர்ந்து கொண்டுவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. இது பல கோடி தடவை கேட்கப்பட்டது. முன்னதைக் கேட்டவர்கள் கொஞ்சம், பின்னதைக் கேட்டவர்கள் உலகம் பூராவும் என்று வித்தியாசம் இருந்தாலும், இரண்டுக்கும் கிடைத்த அபிப்ராயங்கள் ஒரே அச்சில் வார்த்தவை.

முதலில் வருகிறவர்கள் கருத்துக்காரர்கள். 'தெருக்குரல்' வந்ததும் இவர்கள் அதில் உள்ள விஷயங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். 'ஆன்டி-இந்தியன்' தேசபக்தி வியாபாரத்தைப் பற்றி. 'ஸ்னோலின்', 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இளம்பெண்ணைப் பற்றி. பட்டியல் சரியாகவே இருந்தது. பட்டியலுக்குக் கீழே 'துணிச்சல்', 'காலத்தின் தேவை' என்று இரண்டு முத்திரை. ஒரு துண்டுப் பிரசுரத்துக்கும் இதே அபிப்ராயத்தைச் சொல்லலாம். ஒரு வார்த்தை மாற்றவேண்டாம். இவர்களுக்கு எதிர்த்தரப்பு என்று தங்களை நினைத்துக்கொள்கிறவர்கள் 'இது பிரசாரம், கலையல்ல' என்றார்கள். இரு தரப்பும் படித்தது அந்தத் துண்டுப் பிரசுரத்தைத்தான். ஒருவர் கையெழுத்துப் போட்டார், மற்றவர் கிழித்துப் போட்டார். பாட்டு யார் காதிலும் விழவில்லை.

அடுத்து தாளக்காரர்கள். 'பீட் பிரமாதம், வார்த்தை புரியவில்லை, புரியவும் வேண்டாம்' என்பது இவர்கள் சித்தாந்தம். வார்த்தையை விட்டுவிட்டு ராப்பை ரசிப்பது, பல்லவி அனுபல்லவி சரணம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தனி ஆவர்த்தனத்துக்கு மட்டும் சபாவுக்குள் நுழைவது மாதிரி. செய்யலாம், ஆனால் கச்சேரி கேட்டேன் என்று சொல்லக்கூடாது. ராப்பில் தாளமும் வார்த்தையும் தனித்தனி வேலையாட்கள் இல்லை. தாளம் அடித்துக்கொண்டே போகிறது. சொல் அதற்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது, அல்லது வேண்டுமென்றே பின்தங்குகிறது. அந்த இடைவெளியில்தான் கோபமோ கிண்டலோ உண்டாகிறது.

மூன்றாவது ரகம், நம்முடையது. சிறுபத்திரிகைக்காரர்களின் அபிப்ராயம். அது பெரும்பாலும் மௌனம்தான். மௌனம் கலைந்தால் வருவது: 'இதில் கவிதை எங்கே இருக்கிறது? மேடைக் கூச்சல். வானம்பாடிகளுக்குக் கையில் மைக் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.' எழுபதுகளில் வானம்பாடிகளுக்குச் சொன்ன பதிலை மடித்து வைத்திருந்து இப்போது எடுத்து நீட்டுகிறார்கள். அன்றைக்கு அது பெருமளவு நியாயமான பதில். வானம்பாடிக் கவிதைகளில் பலவற்றில் குரலை உயர்த்துவதைத் தவிர வேறு ஒழுங்கு இல்லை. உணர்ச்சி தீர்ந்த இடத்தில் ஆச்சரியக்குறி நின்றது. ராப்பில் அந்தச் சலுகை கிடையாது. தாளம் யாருக்காகவும் நிற்காது. ஓர் அசை கூடினால் கூடியதுதான், எல்லோருக்கும் தெரிந்துவிடும். வசன கவிதையின் சுதந்திரத்தில் கால் நீட்டிப் படுத்துப் பழகிய நமக்கு, நான்கு அடிக்குள் மூச்சை அடக்கிச் சொல்லை வைக்கிறவனைப் பார்த்து 'கட்டுப்பாடில்லாத கூச்சல்' என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

'தெருக்குரல்' என்ற தலைப்பையே பாருங்கள். திருக்குறளின் மேல் செய்த சிலேடை என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அச்சில் அது நல்ல சிலேடை அல்ல. குறளில் றகரமும் ளகரமும். குரலில் ரகரமும் லகரமும். கண் ஒப்புக்கொள்ளாது. பேச்சில் ர, ற வேறுபாட்டைத் தொலைத்துவிட்ட, பல இடங்களில் ல, ள வேறுபாட்டையும் தொலைத்துவிட்ட காதுக்குத்தான் இரண்டும் ஒன்று. வாத்தியார் உச்சரிப்புப் பிழை என்று பிரம்பை எடுக்கும் அதே இடத்தில் தலைப்பு தன் அர்த்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. தெருவின் பிழையே தெருவின் யாப்பு என்று சொல்லிவிட்டுத்தான் தொகுப்பு ஆரம்பிக்கிறது. இதை யாராவது கேட்டார்களா? 'வள்ளுவரை அவமதிக்கலாமா' என்று சிலர், 'வள்ளுவரின் வாரிசு' என்று சிலர். கேட்டவர் இல்லை.

கேட்பதற்குக் கருவி இல்லையா என்றால், இருக்கிறது. நம் அளவுக்கு வேறு யாருக்கும் இல்லை என்றுகூடச் சொல்வேன். ஓர் அடிக்குள் எதுகையோ மோனையோ எந்தச் சீர்களில் விழுகிறது என்பதற்கு இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்று நம் யாப்பிலக்கணம் ஏழு பெயர் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வந்த நாஸ் என்ற இளைஞர் 1994இல் 'இல்மாட்டிக்' என்ற தொகுப்பை வெளியிட்டார். பத்துத் தடம், நாற்பது நிமிஷம்கூட இல்லை. 'தி சோர்ஸ்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் மார்க் போட்டது. மார்க்கை விடுங்கள். அந்தத் தொகுப்பைக் கேட்ட ரசிகர்கள், இலக்கணம் படிக்காதவர்கள், இயைபு அடியின் முடிவில் இல்லாமல் நடுவில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித்தேடிக் குறித்துவைத்தார்கள். அந்த இடங்களுக்கு அவர்களிடம் இத்தனை பெயர் இல்லை, காது இருந்தது. நம்மிடம் ஏழு பெயர் இருக்கிறது. பண்டிதர் கையில் அது பரீட்சைக் கேள்வியாகிவிட்டது, நம் கையில் கேலிப்பொருளாகிவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நல்ல கருவியைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறோம்.

சிந்து இன்னும் நெருங்கிய உறவு. சிந்துப் பாட்டில் எழுத்தை எண்ணினால் கணக்கு சரிவராது. ஒரு சீரில் எழுத்து குறைந்தால் நீட்டி நிரப்பவேண்டும், கூடினால் நெருக்கிச் சொல்லவேண்டும். தாளத்தின் எண்ணிக்கைதான் அளவு. இரா. திருமுருகன் 'சிந்துப் பாவியல்' என்று இதற்கு ஓர் இலக்கணமே எழுதினார். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரையும் கிளிக்கண்ணி எழுதிய பாரதியையும் தலையில் வைத்துக்கொள்கிற நாம், அதே நீட்டல் நெருக்கல் கணக்கில் ஓர் அரக்கோணத்துப் பையன் சொல்லை அடுக்கும்போது 'இது அமெரிக்காக் காப்பி' என்கிறோம்.

அமெரிக்காக் காப்பி! இதைச் சொல்கிறவர் யார் என்றும் பார்க்கவேண்டும். புதுக்கவிதை எங்கிருந்து வந்தது? பிச்சமூர்த்தி விட்மனைப் படித்ததை மறைக்கவில்லை. எலியட்டும் பவுண்டும் இல்லாமல் 'எழுத்து' பத்திரிகையின் பக்கங்கள் இல்லை. செல்லப்பா 1959இல் அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தபோது பண்டிதர்கள் நம்மைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் இது. அதை வாங்கி வைத்திருந்து இப்போது அடுத்தவன்மேல் எறிகிறோம்.

காப்பி எந்த வழியாக வந்தது என்பதையாவது பார்த்தார்களா? 1973 ஆகஸ்டில் பிராங்ஸில் ஒரு குடியிருப்பின் பொது அறையில் இசைத்தட்டுகளைச் சுழற்றி இதை ஆரம்பித்துவைத்தவராகச் சொல்லப்படும் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன். கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் தீவு அது. அவர் வந்துசேர்ந்த பிராங்ஸ், நடுவே விரைவுச் சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளப்பிவிடப்பட்ட ஊர். தமிழில் ராப் தொகுப்பு என்று பலரும் முதலில் காதால் கேட்டது 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்'. அது வந்தது மலேசியாவிலிருந்து, ரப்பர் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் நாட்டிலிருந்து. 'எஞ்சாயி எஞ்சாமி'யின் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து, திரும்பி வந்தும் நிலமில்லாமல் கூலியாக வாழ்ந்தவர். கரும்பு, ரப்பர், தேயிலை. இந்தக் கலை தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறது. ஊர்விட்டு ஊர் கொண்டுபோகப்பட்டு, கையில் ஒன்றும் இல்லாமல், வாயை மட்டும் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது தோதாக இருந்திருக்கிறது. விட்மன் நமக்குப் புத்தகக் கடை வழியாக வந்தார். இது கப்பல் வழியாக வந்தது. எது அதிகம் இரவல்?

நான் இதை எழுதுவது சேரம்பாடியிலிருந்து. அதனால் நான்காவது ரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். அவர்கள்தான் ஜனத்தொகையில் அதிகம்: மண்வாசனைக்காரர்கள். 'எஞ்சாயி எஞ்சாமி' வந்த நாளிலிருந்து 'வேர்', 'மண்ணின் மணம்', 'இயற்கையோடு இயைந்த வாழ்வு', 'நம் மூதாதையர்' என்று இவர்கள் பொழிந்து தள்ளினார்கள். பாட்டின் மையத்தில் இருக்கிற விஷயமோ, தோட்டத்தை உண்டாக்கியவர்களுக்குத் தோட்டத்தில் பங்கில்லை என்பது. மண் இல்லாதவனின் முறையீட்டை மண் வைத்திருப்பவனின் ஊர்நினைவாக மாற்றிக் கேட்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். நம் ரசிகர்களுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

மண் என்று பேசுகிறவர்கள் இந்த மண்ணை ஒருதரம் வந்து பார்க்கலாம். பந்தலூர்த் தாலுகாவில் கேரள எல்லையை ஒட்டிய ஊர். 1877 வரை இந்தப் பக்கம் பூராவும் மலபார் ஜில்லாவின் வயநாடு. நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மம். 1880ஐ ஒட்டிப் பந்தலூரிலும் தேவாலாவிலும் தங்கம் கிடைக்கும் என்று லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் வந்தன. தங்கம் போதவில்லை, போய்விட்டன. பிறகு தேயிலை. 1969இல் கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் வழக்கு தலைமுறை தாண்டிவிட்டது. பட்டா என்ற சொல்லுக்கு இங்கே கனவு என்று பொருள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர். மலைக்கு அந்தப்புறம் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஒருகாலத்தில் பணியர்களை வருஷக்கணக்குக்கு விலைபேசி எடுத்துப்போவார்கள். அவர்களிடம் துடி இருக்கிறது, குழல் இருக்கிறது. நிலம் போனது.

இந்த இடத்துக்கு இலங்கையிலிருந்து வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? 1948இல் இலங்கை அரசு தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரைப் பிரஜைகள் இல்லை என்றது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை மூட்டை பிரிப்பது மாதிரி பிரித்தார்கள். 1974இல் மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பங்குபோட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968இல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கார்ப்பரேஷன் ஆனது. சேரம்பாடி அதன் கோட்டங்களில் ஒன்று. இங்கே வந்தவர்கள் காட்டு நிலத்தில் தேயிலையை நட்டார்கள், கொழுந்து எடுத்தார்கள், அறுபது வயசுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலிசெய்யவேண்டும் என்பது தோட்டத்தின் பொதுவிதி. 2022இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, நட்டவர்களிடம் யாரும் அபிப்ராயம் கேட்கவில்லை. அதே வருஷங்களில்தான் ஊர் பூராவும் 'மண்ணின் பாட்டு' என்று அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே லைன் வீட்டில் சிலோனிலிருந்து வந்த ஒரு கிழவி அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "செத்தது யாரு தம்பி?" நான் படித்த அபிப்ராயங்கள் அத்தனையிலும் விமர்சனம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். மினுமினுக்கிற அந்த இசைக்குள் ஒப்பாரி இருப்பதை அவள் காது பிடித்துவிட்டது. ஒப்பாரி என்பது செத்தவருக்கு மட்டும் அல்ல. அழுகிற சாக்கில் இருக்கிறவர்கள்மேல் உள்ள வழக்கையும் பெண்கள் அதில்தான் தாக்கல் செய்வார்கள். அந்தப் பாட்டில் வழக்கு இருக்கிறது என்பதையும் அவள் கேள்வி தொட்டுவிட்டது.

அவள் கேட்ட மாதிரி கேட்டால் தலைப்பும் வேறுவிதமாக ஒலிக்கும். 'என் சாமி' என்று பண்ணையாள் ஆண்டையைக் கூப்பிட்டான். 'என் சாமி' என்றுதான் பாட்டி பேரனைக் கொஞ்சுகிறாள். அடிமைப்பட்ட வாய்க்கு வேறு உயர்ந்த சொல் கிடைக்கவில்லை. இருந்த ஒரே உயர்ந்த சொல்லை ஆண்டையிடமிருந்து பிடுங்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டது. அதன் முன்னால் ஓர் இங்கிலீஷ் சொல்லை ஒட்டினால் கொண்டாட்டம் மாதிரிக் கேட்கிறது. உள்ளே கூப்பிடுவது யாரை என்பது நிச்சயமில்லை. ஒரே ஒலியில் அடிமை, கொஞ்சல், கேளிக்கை மூன்றும். இப்படி ஒரு சொல் நம் கவிதையில் வந்தால் நாம் நாலு பக்கம் எழுதுவோம்.

பாட்டில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது. ஒப்பாரியின் கரகரப்பைப் பளபளப்பாக்கி, ஆடுவதற்கு வசதியாகத் திரும்பத்திரும்ப வரும் ஒரு குக்கூவைத் தந்துவிட்டது அது. படத்தில் வரும் பச்சையும் உடையலங்காரமும் மண்வாசனைக்காரர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டன. மிருகங்களும் மூதாதையரும் எல்லோருக்கும் பொதுவான பூமியும் என்று அது விரியும்போது, யாரிடமிருந்து யார் பிடுங்கினார்கள் என்பது மங்கிவிடுகிறது. 'தெருக்குரல்' தொகுப்பில் 'கள்ள மௌனி' மாதிரி இடங்களில் சொல்லுக்கு இருந்த முள் இங்கே மழுங்கியிருக்கிறது. இதெல்லாம் பேசவேண்டிய விஷயங்கள். ஆனால் கேட்டவன்தான் இதைப் பேசமுடியும்.

அபிப்ராயக்காரர்கள் பேசியது வேறு. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பலர் கேட்டார்கள், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு மின்னட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் பாடப்பட்டது. அவர் வெளிநாட்டில் இருந்தார். எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தான் என்று அவர் அறிக்கை விட்டார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் அறிக்கை விட்டார். தீயும் அறிக்கை விட்டார். 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருஷம் ஆகியும் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். உண்டாக்கியவர்களுக்குப் பங்கில்லை என்ற பாட்டு, தன்னை உண்டாக்கியவர்களுக்கே தன் பொருளை நிரூபித்துக் காட்டிவிட்டது.

பேர் விட்டுப்போவது சின்ன விஷயம் அல்ல. தோட்டத்து ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழில் 'பேர்' என்றாலே ஒரு நாள் கூலிதான். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி. சொன்ன ராத்தல் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றதற்குப் பாதிக் கூலி. அந்த அட்டையில் நடந்தது அதற்கும் கீழே. ஆகவே கேட்டவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அந்த நியாயத்தின் சாக்கில் ரசிகர்கள் எல்லோரும் கோர்ட்டு குமாஸ்தாக்கள் ஆகிவிட்டார்கள். யார் எவ்வளவு சதவீதம் என்று கட்சி பிரித்து எழுதினார்கள். யாருடையது என்று சண்டைபோட்ட ஒருவரும் என்ன அது என்று சொல்லவில்லை. ஒப்பாரியைத் தலைமுறையாகக் கட்டிவந்த பேரில்லாத பெண்களுக்கு எந்தக் கட்சியும் வாதாடவில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான். நாம் எல்லோருமே இந்தப் பாட்டுகளுக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டிருக்கிறோம். கருத்துக்கு ஒரு அரைப்பேர், பீட்டுக்கு ஒரு அரைப்பேர், மண்வாசனைக்கு, தைரியத்துக்கு, உரிமைக்கு. சொல்லும் ஒலியும் பொருளும் ஒரே வேலையாகச் செய்யப்பட்ட ஒரு செய்யுள் என்ற முழுப்பேரைப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. தலித்துகள் பாடினால் கோபம் என்போம், கலை என்று சொல்லமாட்டோம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவை மேடையேறியபோது கிடைத்த பாராட்டும் அந்த ரகம்தான். 'பறை அதிர்ந்தது' என்றார்கள். பறை அதிர்வது அதற்கு வழக்கம். என்ன அடி விழுந்தது, எந்த அடிக்குப் பதில் சொன்னது என்று யார் எழுதினார்கள்? இலங்கைத் தோட்டத்தில் விடியும்முன் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். தப்பு அங்கே துரையின் கடிகாரம். அதே தப்பு சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்தது. அடியை வைத்துத்தான் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். வெறுமே 'அதிர்ந்தது' என்று கேட்கிறவன் அந்தத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை பார்த்திருக்க முடியாது.

அபிப்ராயமே கூடாதா என்று கேட்பார்கள். அபிப்ராயம் எப்படிச் சொல்வது என்பதற்கு இந்தக் கலையே ஒரு மரபு வைத்திருக்கிறது. 1984இல் நியூயார்க்கில் ஒரு குழு, தங்களை மதிக்காத ஒரு பெண்ணைக் கேலிசெய்து பாட்டு வெளியிட்டது. ராக்ஸேன் ஷாண்டே என்ற பதினாலு வயசுப் பெண் அந்த ராக்ஸேன் நான்தான் என்று பதில் பாட்டுப் பாடினாள். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று பாட்டுகள் கிளம்பின. அவள் மார்க் போடவில்லை. அந்தப் பாட்டின் தாளத்துக்குள்ளேயே போய் நின்று அதைத் திருப்பினாள். நமக்கு இது புதுசா? தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எதிராளி போட்ட சந்தத்திலேயே அவனுக்குப் பதில் கட்டவேண்டும். அவன் சொன்னதைக் காதால் வாங்காதவன் அங்கே வாயைத் திறக்கமுடியாது. காமன் கூத்தைக் கடல் தாண்டி எடுத்துப்போய் மலையகத் தோட்டங்களில் இன்றுவரை ஆடுகிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை அங்கே லயத்துக்கு லயம் அலைந்து பாட்டுகளைச் சேகரித்தார். லயம் என்று அங்கே சொல்வது லைன் வீட்டை. நாம் லயம் என்றால் தாளத்தோடு இழைவது என்று நினைக்கிறோம். இரண்டும் ஒன்றாகக் கேட்கிற காது ஒன்று வேண்டியிருக்கிறது.

அது கவிஞர்களான நம்மிடம் இருக்கவேண்டும். புதுக்கவிதை பேச்சின் ஓசையைக் கவிதைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் யாப்பை விட்டது. விட்டபிறகு ஓசையையும் சேர்த்து விட்டுவிட்டோம். பக்கத்தில் வெள்ளை இடம் விடுவதை மௌனம் என்றும், வரியை உடைப்பதை லயம் என்றும் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். கண்ணால் எழுதிக் கண்ணால் படித்துப் பழகிவிட்டது. நாம் எடுத்துக்கொண்ட காரியத்தை, பேச்சிலிருந்து ஒரு செய்யுளைப் பண்ணுகிற காரியத்தை, நம்மைக் கேட்காமல் வேறு சிலர் தெருவில் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் மௌனத்துக்குக் காரணம் ரசனை அல்ல, சங்கடம் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த இதழில் யாராவது எனக்குப் பதில் எழுதட்டும். 'தெருக்குரல்' தொகுப்பில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, எந்தச் சொல் தாளத்துக்கு முன்னால் விழுகிறது, எது பின்தங்குகிறது, எதுகை அடியின் எந்தச் சீரில் நிற்கிறது, அதனால் பொருள் என்ன ஆகிறது, எங்கே சொல் தளர்ந்து வெறும் கோஷமாகிறது என்று எழுதட்டும். மோசமான செய்யுள் என்று நிரூபித்தாலும் சரி. முழுப்பேர் போட்டுவிட்டுக் குறை சொல்கிறவரோடு சண்டைபோட நான் தயார். அரைப்பேர்க்காரர்களுக்குச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.